உன் பாதிச் சாவி

துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நீலத் துப்பட்டாவை எடுத்து உதறியதும் அவித்த முட்டை வாசம் வந்தது. இரண்டு முறை சோப்புப் போட்டு அலசியும் போகவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்று பல மாதமாக நினைத்து, எழுத முகமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த நாற்றம்தான் இன்று பிடித்து உட்கார வைத்தது.

முட்டை வாங்காத வீட்டில் பிறந்தவள் நீ. யுபிஎஸ் பேட்டரி கெட்டால் முட்டை நாறும் என்று எனக்குச் சொன்னவளும் நீதான். "ஒனக்கு எப்படிட்டி தெரியும்?" என்று கேட்டதற்கு, "ஒன் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்துல பதினாலு வருசமா ஒக்காந்திருக்கேன், இதுகூடவா தெரியாது?" என்றாய். என் டப்பாவைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாய். சமைத்தது நானா, என் மாமியாரா என்பதுவரை உன் மூக்குக்குத் தெரியும். நான் சமைத்த நாளில் ஜன்னலைத் திறந்துவைப்பாய்.

நாம் செய்த வேலையை வீட்டில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததே இல்லை. என் மாமியார் இன்றுவரை "பேண்டேஜ் கம்பெனியில டைப் அடிக்கா" என்றுதான் ஊருக்குச் சொல்கிறார். உன் விளக்கம்தான் எனக்குப் பிடிக்கும். "மூணு ஊர்ல கெடக்கிற மிஷினுக ஒரே பேச்சுப் பேசணும். ஒண்ணு மாத்திப் பேசுனாலும் நம்ம காதுக்கு வரணும். அம்புட்டுத்தான் சோலி."

தளவாய்புரத்தில் பேண்டேஜுக்கான காஸ் என்கிற சல்லாத் துணி நெய்து வரும். ராஜபாளையத்தில் அதை வெளுத்து, வெட்டி, சுருட்டி, ஆவியில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோடவுனிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு லாரி ஏறும். ஒவ்வொரு சுருளுக்கும் ஓர் எண் உண்டு. எந்தத் தறி, எந்த நாள், எந்த ஆவிப்பெட்டி என்பதை அந்த எண்ணைக் கொண்டு சொல்லிவிடலாம். அந்த எண்களைக் கைமாற்றிக்கொண்டு பத்தொன்பது சின்னச் சின்ன நிரல்கள் மூன்று ஊர் சர்வர்களிலும் ஓடுகின்றன. அவற்றை நிறுவுவதும், எது எதனோடு பேச வேண்டும் என்று கான்ஃபிக் கோப்பில் எழுதுவதும், மாற்றம் வந்தால் மூன்று இடத்திலும் ஒன்றுபோல மாற்றுவதும் நாம் இருவர்தான்.

ஒன்றுபோல மாற்றுவது என்று இப்போது எளிதாக எழுதிவிட்டேன். ஆரம்பத்தில் நான் செய்த கூத்து உனக்கு நினைவிருக்கும். தளவாய்புரத்துக்கு எழுதிய கோப்பை அப்படியே நகலெடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வரில் வைத்தேன். ஊர்ப்பெயர் இருந்த ஒரே ஒரு வரியை மாற்ற மறந்தேன். இரண்டு நாள் கோடவுனிலிருந்து போன பெட்டிகளின் லேபிள்களெல்லாம் தளவாய்புரத்தில் கட்டியதாகச் சொல்லின. வெறும் தறி ஓடுகிற இடத்திலிருந்து கிருமி நீக்கிய பேண்டேஜ் எப்படி வந்தது என்று ஓர் ஆஸ்பத்திரி லாரியையே திருப்பி அனுப்பிவிட்டது. முதலாளி நம் இருவரையும் நிற்கவைத்து, "யாரு செஞ்ச வேலை இது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் "நாங்கதான் ஐயா" என்றாய். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியே வந்ததும் என் முதுகில் நீ வைத்த அடி மட்டும் பலமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் நம் வழக்கம் வந்தது. எதை டிப்ளாய் செய்வதானாலும், அதாவது சர்வரில் ஏற்றுவதானாலும், ஒருத்தி கோப்பை வரி வரியாக உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருத்தி ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" சொல்ல வேண்டும். ஆமா வராத வரியில் நிறுத்திவிட வேண்டும். படிக்கும் முன்பு ஒரு டம்ளர் தண்ணீர். "தண்ணியக் குடிச்சிட்டுத் தொடுட்டி" என்பாய். தண்ணீருக்கும் கான்ஃபிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், குடிக்கிற நேரத்துக்காவது கை சும்மா இருக்கும் என்பாய். பக்கத்து அறைக்காரர்கள் நம்மைப் பார்த்து, ஜெபக்கூட்டம் நடக்கிறது என்று கேலி செய்வார்கள். நான் கிறிஸ்தவள் என்பதால் வந்த பேர் அது.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம்.

ஆறு வருடத்துக்கு முன்பு, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில், உன் போனை என் மடியில் வைத்தாய். பெங்களூரில் ஒரு கம்பெனி உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. "நல்லாருக்குல்ல?" என்றாய். "ரொம்ப நல்லாருக்கு" என்றேன். மில் கேட் தாண்டும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது நாலு வயது. என் கணவர் கோயம்புத்தூரில். நீ போய்விட்டால் மூன்று ஊரும் பத்தொன்பது நிரலும் நானும்தான்.

அந்த வாரம்தான் பாஸ்வேர்டுகளை எல்லாம் கோப்புகளிலிருந்து எடுத்து ஒரே பெட்டகத்தில் வைக்கும் வேலையில் இருந்தோம். நிரல்கள் எழுந்திருக்கும்போது அந்தப் பெட்டகத்திடம் தம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பெட்டகம் இருக்கிற இயந்திரம் அணைந்தால் அது தானே பூட்டிக்கொள்ளும். மறுபடி திறக்கச் சாவி போட வேண்டும். சாவி என்றால் முப்பத்திரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம். ஐந்து சாவி உண்டாக்கி ஐந்து பேரிடம் கொடுத்து, எவராவது மூன்று பேர் போட்டால் திறக்கும்படி வைக்கலாம் என்று நீ சொன்னாய். அதுதான் முறை. அது எனக்கும் தெரியும்.

"ரெண்டு போதும். ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் போட்டாத்தான் தெறக்கணும்" என்றேன். "எழுதியும் வைக்கக் கூடாது. மனப்பாடம் பண்ணிக்கிடணும்."

நீ என்னைச் செத்த நேரம் பார்த்தாய். "அப்ப நா எங்கயும் போக முடியாதுன்னு சொல்லு."

"அப்படியெல்லாம் இல்லட்டி. பாதுகாப்புக்குத்தான்."

சிரித்தாய். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாய். பிறகு உட்கார்ந்து உன் சாவியை வாங்கிக்கொண்டாய். அந்த இயந்திரத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோடவுன்தான் வசதி என்று சொன்னதும் நான்தான். உன் காலில் நான் போட்ட இரண்டாவது கட்டு அது. பெங்களூர் என்ன ஆயிற்று என்று அதன் பிறகு நான் கேட்கவே இல்லை. நீயும் சொல்லவில்லை.

கரண்ட் போய் இயந்திரம் அணைந்த நாட்களில் இருவரும் அந்தப் பின்னறையில் கூடுவோம். ஒருத்தி சாவி போடும்போது இன்னொருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்பதும் என் சட்டம்தான். நீ உன் சாவியை மெட்டுப் போட்டு மனப்பாடம் செய்திருந்தாய். எந்தப் பாட்டின் மெட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல ஆரம்பித்து, நடுவில் ஏறி, கடைசி நாலு எழுத்துக்கு இழுத்து இறங்குவாய். வாயை மூடிக்கொண்டுதான் முனகுவாய். அடிக்கிற சத்தமும் முனகலும் என் முதுகுக்குப் பின்னால் கேட்கும். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நான் நிற்பேன்.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலைக்குக் குளித்துவிட்டு வந்து, தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்திருக்கிறாய். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியில், கிருஷ்ணன்கோவில் தாண்டும் முன்பே நீ போய்விட்டாய். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உன்னை ஏன் கூப்பிட்டு எழுப்பாமல் படுக்கப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை மறுநாள்தான் வந்தது.

முதலாளி வந்தார். மாலை வைத்தார். வெளியே தெருவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நம் இருவரையும் பொண்ணு என்கிற அர்த்தத்தில் அம்மாயி என்றுதான் கூப்பிடுவார் என்பது உனக்குத் தெரியுமே. குரலைத் தணித்து, "அவ சாவியும் ஒன்கிட்ட இருக்குல்ல அம்மாயி?" என்று கேட்டார்.

"இருக்கு ஐயா" என்றேன்.

இல்லை என்று சொல்லியிருந்தால், ஏன் இல்லை என்று கேட்டிருப்பார். ரெண்டே சாவி போதும், எழுதிவைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது யார் என்று கேட்டிருப்பார். பயந்துவிட்டேன். உன் மேல் பழி வரக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உன் பேரைச் சொல்லியும் அந்தச் சாக்கை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அன்று முதல் அந்த இயந்திரம் அணையக் கூடாது. அணைந்தால் பெட்டகம் பூட்டிக்கொள்ளும், உன் பாதி இல்லாமல் திறக்காது. ஓடுகிற நிரல்கள் சில மணி நேரம் ஓடும், பிறகு ஒவ்வொன்றாகப் பேச்சடைத்து நின்றுவிடும். எந்தப் பேண்டேஜ் எங்கே வெந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. மூன்று ஊரிலும் வேலையை மூன்று நாள் நிறுத்தி, புதுப் பெட்டகம் வைத்து, ஒவ்வொரு பாஸ்வேர்டையும் புதிதாகப் போட வேண்டும். மூன்று நாள் நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் நான் காவல் இருந்தேன். மாதாமாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பராமரிப்புக்கு என்று கரண்டை நிறுத்தும் நாளில் காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்துப் போய், ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்த பிறகுதான் சோறு இறங்கும். மழைக்கு இடி இடித்தால் போனை எடுத்து இயந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். தங்கை வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போகவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மாற்றி மகளைக் கோயம்புத்தூருக்கு அவள் அப்பா கூட்டிப்போனார். நானும் வருவதாகத்தான் பேச்சு. "அடுத்த மாசம் வாரேன்" என்றேன். ஜூலையிலும் அதையே சொன்னேன். "அந்த மிஷினுக்குத் தாலி கட்டியிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

இதற்கிடையில் பிளவக்கல் போகும் ரோட்டில் முதலாளி புதிதாக ஒரு யூனிட் கட்டினார். நாலாவது ஊரைச் சேர்க்க வேண்டுமானால் பெட்டகத்தின் அமைப்பையே மாற்ற வேண்டும், அதற்கும் இரண்டு சாவி வேண்டும். "எப்ப அம்மாயி நம்ம சாஃப்ட்வேர் அங்கன வரும்?" என்று வாராவாரம் கேட்டார். லைன் சரியில்லை என்றேன். சர்வர் வரவில்லை என்றேன். நாலு மாதம் புதுப்புதுச் சாக்காகத் தேடித் தேடிச் சொன்னேன். பொய்யில் எனக்கு இவ்வளவு கைத்திறமை இருக்கிறது என்பது இந்த வருடம்தான் தெரிந்தது.

ஆடிப்பூரத் தேருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கோடவுன் பின்னறையைத் திறந்தேன். அவித்த முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. பேட்டரி தொட முடியாமல் கொதித்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேட்டரி மட்டுமில்லக்கா, போர்டும் போச்சு. யுபிஎஸ்ஸையே மாத்தணும். ஒரு நிமிசம் மிஷின அணைச்சா போதும்" என்றார்.

"அணைக்காம முடியாதா?"

"அணைக்காம எப்படிக்கா? வயரக் கழத்தணும்ல. ஒரே நிமிசம்."

அந்த ஒரு நிமிடம்தான் என்னிடம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது. தேருக்கு முன்னால் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். தேர் நாள் உனக்குத் தெரியும். தேர் வரும் வழியில் வீதிக்குக் குறுக்கே போகிற கம்பிகளை எல்லாம் இறக்கிவிடுவார்கள். கரண்டும் நெட்டும் சேர்ந்து போய்விடும். கோடவுன் ஆட்களுக்கு லீவு. வருடா வருடம் நீயும் நானும் மட்டும் ஜெனரேட்டரோடு உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் தேர் போகிற சத்தம் கேட்டால் நீ எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாய். "நீயும் ஒரு கும்புடு போட்டு வையி, சர்வர் நல்லாருக்கட்டும்" என்று எனக்கும் சொல்வாய். நானும் போட்டிருக்கிறேன். எங்கள் போதகரிடம் சொல்லிவிடாதே என்று உன்னைக் கெஞ்சியும் இருக்கிறேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை யுபிஎஸ்தான் தாங்க வேண்டும். இந்த வருடம் கெட்டுப்போன யுபிஎஸ்ஸோடு அந்த நாளை எப்படித் தாண்டுவது?

கோடவுனிலிருந்து நேராக உன் வீட்டுக்கு நடந்தேன். சட்டத்தை மீறி எங்காவது எழுதி வைத்திருப்பாயோ என்று ஒரு நப்பாசை. காரியம் முடிந்த கையோடு ஏற்கனவே ஒரு தடவை உன் பையைக் குடைந்து பார்த்தவள்தான் நான். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. உன் அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார். உன் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. "எடுத்துப்போட மனசு வரல தாயி" என்றார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஆபீஸ் விஷயமாக ஏதாவது எழுதி வைத்திருந்தாளா என்று கேட்டேன்.

"எழுதலாம் வைக்கல. பாடுவா. பாத்ரூம்ல, துணி காயப்போடையில, எந்நேரமும் அதே முனகல்தான். என்னடி பாட்டு இதுன்னு கேட்டேன். 'அவ என்னயப் பூட்டி வச்சிருக்கிற பூட்டும்மா'ன்னா."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"பெங்களூரு வேலைக்கு நாந்தான் போகச் சொன்னேன். 'அவளுக்குச் சின்னப்பிள்ளையா இருக்கு, அவுக வீட்டுக்காரரும் கோயமுத்தூர்ல. ஒத்தையில போட்டுட்டுப் போனா பயந்தே செத்துருவா. ஒரு வருசம் போகட்டும் பொறவு போறேன்'னா. மறு வருசம் கேட்டேன். அதையேதான் சொன்னா." உன் அம்மா சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். "ஒன் மேல அவளுக்கு அம்புட்டுப் பிரியம்."

உன்னை நான் ஏமாற்றிக் கட்டிப்போட்டேன் என்று ஆறு வருடம் குறுகிக்கொண்டிருந்தேன். நீ எல்லாம் தெரிந்துதான் கையை நீட்டியிருக்கிறாய். அதைக் கேட்டதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் கூடக் கனமாகத்தான் இருந்தது. ஏமாந்திருந்தாயானால் என் மேல் கோபமாவது பட்டிருப்பாய்.

உன் அம்மாவிடம் ஒன்றைச் செய்தேன். நான் ஏன் அந்தப் பூட்டைப் போட்டேன் என்பதைச் சொன்னேன். பாதுகாப்புக்கு இல்லை, அவள் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் என்று சொன்னேன். நான் கீழே வைத்த டம்ளரை அவர் என் பக்கம் தள்ளினார். பிறகு, "சரி. காப்பி ஆறுது, குடி" என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. குடித்தேன்.

அந்தச் சூட்டோடு போனால்தான் உண்டு என்று அப்படியே பஸ் ஏறி ராஜபாளையம் ஆபீஸுக்குப் போனேன். முதலாளி பேண்டேஜ் சுருள் ஒன்றைக் கையில் வைத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அவள் சாவி என்னிடம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, ரெண்டு சாவி என்று வைத்தது நான், ஐந்து வைக்கச் சொன்னது அவள், பிளவக்கல் யூனிட்டுக்கு நான் சொன்ன சாக்கெல்லாம் பொய். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் சுருளை மறுபடி சுருட்டினார். சரியாக வரவில்லை. மேசையில் வைத்தார்.

"பதினோரு மாசமா இத வச்சுக்கிட்டா ஒக்காந்திருந்த?"

"ஆமா ஐயா."

"மொத நாளே சொல்லியிருந்தா மூணு நாள் மில்ல நிறுத்தியிருப்பேனே. ஒரு நாள் அந்த மிஷின் அணைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும் அம்மாயி? ஆஸ்பத்திரிக்காரன் நம்ம துணிய நம்பித்தான ஆளைக் கிழிக்கான்."

அவர் மேசைக் காலண்டரைத் திருப்பித் தேதி பார்த்தார்.

"தேருக்கு எப்படியும் கோடவுன் லீவு. அன்னைக்கு நிறுத்து. மூணு நாள் எடுத்துக்கோ. ஆஸ்பத்திரிகளுக்கு நா பேசிக்கிடுதேன். அஞ்சு சாவி போடு. எனக்கு ஒண்ணு, என் மகளுக்கு ஒண்ணு, மூணு ஊர் சூப்பர்வைசருக்கும் ஒவ்வொண்ணு." கொஞ்சம் நிறுத்தி, "ஒன்கிட்ட ஒண்ணும் வேணாம்" என்றார்.

செவிட்டில் அறைந்ததுபோல இருந்தது. சரி என்றேன். கதவுவரை போன பிறகு கூப்பிட்டார். "இந்த வேலைய கோயமுத்தூர்ல இருந்தே பாக்கலாம்ல?"

"பாக்கலாம் ஐயா."

"பொறவு எதுக்கு இங்கன கெடக்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த சுருளை எடுத்தார்.

தேர் நாள் காலையில் கம்பிகளை இறக்கினார்கள். ஜெனரேட்டரை நான் போடவில்லை. வெந்துபோன யுபிஎஸ் நாலு நிமிடம் கத்தியது. அது தானாகச் சாகும்வரை காத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. நானே பொத்தானை அழுத்தினேன். விசிறிச் சத்தம் நின்றது. பதினோரு மாதமாகக் காதில் இரைந்துகொண்டிருந்தது அது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. வீதியில் கோவிந்தா என்று சத்தம் எழுந்தது. எழுந்து நின்று, உனக்காக ஒரு கும்பிடு போட்டேன்.

மூன்று நாளும் தூக்கம் போதவில்லை, ஆனாலும் வேலை நடந்தது. ராஜபாளையத்தில் புதுப் பெட்டகம் வைத்தோம். பத்தொன்பது கோப்பையும் உரக்கப் படித்தேன். தளவாய்புரம் சூப்பர்வைசர் போனில் இருந்துகொண்டு வரிக்கு வரி ஆமா சொன்னார். உன் அளவுக்கு அவருக்குப் பொறுமை இல்லை. சில இடத்தில் நான் படித்து முடிக்கும் முன்பே ஆமா வந்துவிடும். "கேட்டுட்டுச் சொல்லுங்கண்ணே" என்று அதட்டினேன். உன் குரல்போலவே வந்தது எனக்கு. ஐந்து சாவியையும் ஐந்து பேர் உறையில் போட்டு ஒட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். பிளவக்கல் யூனிட் இப்போது ஓடுகிறது.

எல்லாம் முடிந்த பிறகு பழைய இயந்திரத்தை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அதில் இப்போது ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிற பாஸ்வேர்டு எதுவும் எங்கும் செல்லாது. இருந்தாலும் என் பாதியை அடித்தேன். இரண்டில் ஒன்று வந்திருக்கிறது, இன்னொன்று வேண்டும் என்று திரை காட்டியது. பழக்கம், நாற்காலியை விட்டு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டேன். காலண்டரில் போன வருடத்து ஆவணியே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் கிழிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சத்தம் வரும் என்று எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வரவில்லை. அப்புறம் நானே முனகிப் பார்த்தேன். வாய்ப்பாடு மாதிரி ஆரம்பம், நடுவில் ஏற்றம், கடைசி நாலு எழுத்துக்கு இழுப்பு. ஓர் இடம்கூடப் பிசகவில்லை. எழுத்துதான் ஒன்றும் தெரியவில்லை.

நாளைக் காலை கோயம்புத்தூர் போகிறேன். மகள் மூன்று தடவை போன் செய்து எந்த பஸ் என்று கேட்டுவிட்டாள். துப்பட்டாவை மறுபடி அலசப் போவதில்லை, அப்படியே பெட்டியில் வைத்துவிட்டேன். கம்பெனியின் எந்தப் பூட்டுக்கும் இப்போது என்னிடம் சாவி இல்லை. உன்னுடையதும் என்னுடையதும் மட்டும்தான் இருக்கிறது, என் பாதி எழுத்தாகவும் உன் பாதி மெட்டாகவும். மதுரை வழியாகத்தான் போக வேண்டும்; அந்த பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்துகொள்வேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் என் முப்பத்திரண்டு எழுத்தையும் சொல்லிவிட்டு, உன் மெட்டை ஆரம்பிப்பேன். கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் முடித்துவிடாமல், மெதுவாகவே முனகிக்கொண்டு போவேன்.